லெட்ஜர் சரியாக இருக்கிறதா?

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், வெளிப்புற வண்ணப்பூச்சு பற்றிய தீர்மானம் விவாதத்துக்கு வருவதற்கு முன் ஏ பிளாக் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம். பேசியவர் ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர். சங்கத்தின் முன்னாள் பொருளாளர்.)



"சாரம் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். வாட்ஸப்பில் அறிவிப்பு வந்த மறுநாள் சி பிளாக் மாமி லிஃப்டில் என்னைப் பார்த்து, "கீதை சாரமா, திருக்குறள் சாரமா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை மாமி. வெள்ளையடிக்கும்போதும் பூச்சு வேலை பார்க்கும்போதும் கட்டடத்தைச் சுற்றிக் கட்டுவார்களே, அந்தச் சாரம். அதைக் கட்டுவது ஒரு தொழில். அந்தத் தொழிலுக்குப் படிப்பு இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, பரீட்சை இருக்கிறது. இது எனக்கு 62 வயதில்தான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று சொல்ல வேண்டுமானால் என் தவறு ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

இரண்டரை வருடத்துக்கு முன் ஏ பிளாக்குக்கு மட்டும் வெளிப்புறம் பெயிண்ட் அடித்தோம். அப்போது நான் பொருளாளர். கான்ட்ராக்டர் கொடுத்த கொட்டேஷனில் "இரும்புக் குழாய்ச் சாரம் - 1,20,000 ரூபாய்" என்று ஒரு வரி இருந்தது. நான் பி.காம். படித்தவன். 34 வருடம் வங்கியில் பேனா பிடித்தவன். எந்த வரியை அடிக்கலாம் என்றுதான் என் கண் போகும். "இது என்னங்க, பெயிண்ட் அடிக்கவா, புதுசா கட்டடம் கட்டவா?" என்று கேட்டேன். அவர், "வேணாம்னா விட்டுடலாம் சார், சவுக்குக் கட்டையில நம்ம பசங்களே கட்டிக்குவாங்க" என்றார். அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்தேன். 96 வீட்டுக்கு வகுத்தால் வீட்டுக்கு 1,250 ரூபாய் மிச்சம். அடுத்த கூட்டத்தில் நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள்.

வேலை ஆரம்பித்து ஒன்பதாம் நாள், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த பெயிண்டர் பையன் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தார். பன்னிரண்டு அடி உயரம்தான். காலை ஊன்றி விழுந்ததால் குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. எட்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. கான்ட்ராக்டர் கொஞ்சம் கொடுத்தார், சங்கத்திலிருந்து 25,000 கொடுத்தோம். இன்ஷூரன்ஸ் கிடையாது, நல வாரிய அட்டையும் கிடையாது. இப்போது அவர் ஊரில் ஒரு பெயிண்ட் கடையில் பில் போடுகிறார். ஏணி ஏறுவதில்லை.

ஆஸ்பத்திரிக்கு நான் நாலைந்து தடவை போனேன். அங்கேதான் அவருடைய தம்பியைப் பார்த்தேன். பிளஸ் டூ முடித்துவிட்டு அண்ணனோடு பெயிண்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர்களுடைய அம்மா, "இவனை இனிமே சாரத்துல ஏத்த மாட்டேன் ஐயா" என்று என்னிடம் சொன்னார். தம்பியோ வேறு மாதிரி கேட்டார். "சார், அண்ணன் கால் வெச்ச பலகை ஏன் கவிழ்ந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் என்னை இந்தத் தொழிலைப் பற்றி விசாரிக்க வைத்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சவுக்குக் கட்டையின் மேல் எனக்குக் குறை கிடையாது. நம் ஊர்க் கோபுரங்களுக்குக் கும்பாபிஷேகத் திருப்பணி நடக்கும்போது பார்த்திருப்பீர்கள். அடியிலிருந்து கலசம் வரை சவுக்கும் கயிறும்தான். ஒரு சுதைச் சிற்பத்தின் விரல்கூட உடையாமல் கட்டுவார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கல்லை ஏற்றச் சாரம் தொடங்கிய இடம்தான் சாரப்பள்ளம் என்ற கிராமம் என்று இன்றும் அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, ஊர்ப் பெயரிலேயே சாரம் இருக்கிறது. அந்தக் கோபுரச் சாரக்காரர்கள் அப்பாவிடமோ மாமாவிடமோ வருஷக்கணக்கில் கற்றவர்கள். பழைய கயிறு வந்தால் முறுக்கைப் பிரித்து உள்ளே நார் பொடிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கையில் எடுப்பார்கள். அதுவும் பயிற்சிதான், சான்றிதழ் கிடையாதே தவிர.

நம் கட்டடத்தில் நடந்தது வேறு. பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவர்கள் சாரம் கட்டினார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவன் அதற்குச் சம்மதித்தான். சாரம் தெரிந்தவர் யாரும் அந்த இடத்தில் இல்லை.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். நம் நாட்டில் கட்டுமானத் தொழில்களுக்கென்று தேசிய அளவில் தகுதித் தரங்கள் வகுத்திருக்கிறார்கள். அதில் கொத்தனார், கம்பி வளைப்பவர் போலவே சாரம் கட்டுபவரும் தனித் தொழிலாளி. அதிலும் உதவிச் சாரக்காரர், சாரக்காரர் என்று படி உண்டு. பெரிய கட்டுமான நிறுவனங்கள் சில சொந்தமாகவே பயிற்சி நிலையம் நடத்துகின்றன. சாரத்துக்கென்று இந்தியத் தரம் ஐ.எஸ். 3696 என்று 1987இல் வந்த பதிப்பு இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்களுக்காக 1996இல் வந்த சட்டத்தையொட்டி 1998இல் எழுதிய மத்திய விதிகளில் சாரத்துக்கு ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கினார்கள். இத்தனையும் இருக்கும்போதுதான் நான் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

தம்பி சேர்ந்தது சென்னைக்கு வெளியே உள்ள ஒரு பயிற்சி நிலையத்தில். மூன்று மாதம், தங்கிப் படிக்க வேண்டும், கட்டணம் இல்லை. 18 வயது நிறைந்திருக்க வேண்டும். சேர்க்கும் முன் மருத்துவப் பரிசோதனை. கண் பார்வை, காது, ரத்த அழுத்தம், வலிப்பு உண்டா, தலைசுற்றல் உண்டா என்று பார்த்தார்கள். அவர் அம்மா சம்மதிக்கவில்லை. "நீங்களும் ஒரு தடவை வந்து பாருங்க" என்று நிலையத்திலேயே சொன்னார்கள். அம்மாவுக்குத் துணையாக நானும் போனேன். ஒரு தடவை போனவன் பிறகு மூன்று சனிக்கிழமை போனேன். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றாலே கால் கூசுகிற ஆள் நான். தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

முதல் நாள் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பயிற்சியாளர் நாகர்கோவில்காரர், வளைகுடா நாடுகளில் பல வருஷம் வேலை பார்த்தவர். திடீரென்று மேலே பார்த்து, "லெட்ஜர் சரியா இருக்கா பாரு! லெட்ஜர் சரியில்லாம எவனும் மேல போகக் கூடாது!" என்று கத்தினார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். 34 வருஷப் பழக்கம். பிறகுதான் புரிந்தது. சாரத்தில் நிமிர்ந்து நிற்கும் குழாய்க்கு ஸ்டாண்டர்டு என்று பெயர். சுவருக்கு இணையாகப் படுக்கையில் ஓடும் குழாய்க்கு லெட்ஜர். லெட்ஜரிலிருந்து குறுக்கே சுவரை நோக்கிப் போவது டிரான்ஸம், அதன் மேல்தான் பலகை உட்காரும். சாய்வாக மூலைக்கு மூலை போவது பிரேஸிங். லெட்ஜர் மட்டம் தப்பினால் மேலே எல்லாம் தப்பும். வங்கியிலும் அப்படித்தான் ஐயா.

சேர்ந்தவுடன் யாரையும் மேலே ஏற்றுவதில்லை. முதல் சில நாட்கள் சாமான் பிரிக்கும் வேலைதான். குழாயின் வெளி விட்டம் 48.3 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் கனமுள்ள 6 மீட்டர் குழாய் ஒன்று ஏறக்குறைய 26 கிலோ. நாம் கடையில் வாங்கும் அரிசி மூட்டை அளவு. அதைத் தோளில் வைத்து, திரும்பும்போது பின்னால் இருப்பவன் தலையில் இடிக்காமல் நடக்கப் பழக வேண்டும். வளைந்த குழாய், துரு அரித்த குழாய், விரிசல் விட்ட கிளாம்ப், மரை தேய்ந்த போல்ட் எல்லாவற்றையும் தனியே எடுத்து ஒதுக்க வேண்டும். கேஷ் கவுன்டரில் புதிதாகச் சேர்ந்தவனைக் கிழிந்த நோட்டும் கள்ள நோட்டும் பிரிக்க உட்கார வைப்போமே, அதே மாதிரி. கை பழகினால் எடுத்தவுடன் தெரிந்துவிடும்.

அடுத்தது தரை. சாரம் விழுவது மேலே என்று நாம் நினைக்கிறோம். பாதிக் கதை கீழேயே முடிந்துவிடுகிறது. மண் கெட்டியாக இருக்க வேண்டும். அதன் மேல் அகலமான பலகை, பலகையின் மேல் இரும்புத் தட்டு, தட்டின் மேல்தான் குழாய்க் கால். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுப்பது அங்கே பெரிய குற்றம். கழிவுநீர்த் தொட்டி மூடியின் மேல் கால் வைக்கவே கூடாது. வீட்டுக்கு வந்து ஏ பிளாக் வேலையின்போது எடுத்த போட்டோக்களைப் பார்த்தேன். இரண்டு கால் டிரெயினேஜ் சேம்பர் மூடியின் மேல் நிற்கிறது. அந்தப் படத்தில் நானும் நிற்கிறேன், சிரித்துக்கொண்டு.

பிறகு கணக்கு. சாரக்காரருக்குக் கணக்கு வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஒன்று, பாரம். சாரம் தன் எடையைத் தாங்கி, அதன் மேல் வைக்கப் போகும் பாரத்தைப் போல் நான்கு மடங்கையும் தாங்க வேண்டும் என்று கணக்கு வைத்துக் கட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். இரண்டு பெயிண்டர்கள் 150 கிலோ, இருபது லிட்டர் பெயிண்ட் வாளி இரண்டு ஏறக்குறைய 60 கிலோ. மொத்தம் 210. அப்படியானால் 840 கிலோ தாங்கும்படி கட்டு. ஏன் நான்கு மடங்கு? ஒருவர் மதியம் சாப்பாட்டுக்கு மூன்று பேரைக் கூப்பிட்டு அதே பலகையில் உட்கார வைப்பார், அதனால்தான்.

இரண்டு, உயரம். தனியாக நிற்கும் சாரம் அதன் அடி அகலத்தைப் போல் நான்கு மடங்குக்கு மேல் போனால் கவிழாமல் இருக்கக் கட்டடத்தோடு பிடித்துக் கட்டியாக வேண்டும் என்பது பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு. சில இடங்களில் இன்னும் கறாராக மூன்று மடங்கு என்பார்கள். நம் சாரம் நாலு அடி அகலம் என்றால் பதினாறு அடியிலேயே பிடிமானம் ஆரம்பிக்க வேண்டும். நம் கட்டடம் அறுபது அடி. அதற்கு மேல் பச்சை வலை வேறு கட்டினால் காற்று அதைப் பாய்மரம் மாதிரி தள்ளும். பிடிமானம் இன்னும் கூட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் சென்னைக் காற்று எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்று, பலகை. இதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இரண்டாவது சனிக்கிழமை. பயிற்சியாளர் தரையிலிருந்து ஒரே ஒரு அடி உயரத்தில் இரண்டு குழாய் மேல் ஒரு பலகை போட்டார். பலகையின் ஒரு முனை குழாயைத் தாண்டி இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கட்டவில்லை. "யாராவது ஒருத்தன் நடந்து போ" என்றார். தம்பிதான் போனார். குழாய் வரைக்கும் சரியாக இருந்தது. அதைத் தாண்டி ஒரு கால் வைத்ததும் பலகை ஏற்றப்பலகை மாதிரி கவிழ்ந்து, மறு முனை மேலே எழும்பியது. ஒரு அடி உயரம்தான், பையன் சிரித்துக்கொண்டே குதித்துவிட்டார். மற்றவர்களும் சிரித்தார்கள். பயிற்சியாளர் சொன்னார்: "பலகை முனை தாங்கலைத் தாண்டிக் கொஞ்சம் நீளணும், இல்லேன்னா நழுவி விழும். ஆனா பலகை கனத்தைப் போல நாலு மடங்குக்கு மேல நீளக் கூடாது. ஒன்றரை இஞ்ச் பலகைக்கு ஆறு இஞ்ச். அதுக்கு மேல நீண்டா அது பலகை இல்ல, எலிப்பொறி. இழுத்துக் கட்டாத பலகையில கால் வெக்காதே."

எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். தம்பி மட்டும் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அம்மாவும் பார்த்தார். என்ன நினைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதே நினைப்புதான். ஆஸ்பத்திரியில் கேட்ட கேள்விக்குப் பதில் ஆறு இஞ்ச். அதைத் தெரிந்த ஒருவர் அன்று காலை ஏ பிளாக்கைச் சுற்றி ஒரு நடை நடந்திருந்தால் போதும்.

பெல்ட் விஷயத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் நம் வாசலில் வேலை நடக்கும்போது நாமே பார்த்துக் கேட்கக்கூடியது இது. இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் போதாது. தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் ஹார்னஸ்தான் சரி. அதில் இரண்டு கொக்கிக் கயிறு இருக்கும். நகரும்போது ஒன்றைக் கழற்றுவதற்கு முன் மற்றதை மாட்ட வேண்டும். எந்த நொடியிலும் ஒரு கொக்கியாவது மாட்டியிருக்க வேண்டும். மாட்டுவதும் தலைக்கு மேலே உள்ள உறுதியான குழாயில். காலடியில் மாட்டினால், கயிறு ஆறு அடி, அதோடு கயிறு முதுகில் கோத்திருக்கும் உயரமும் சேர்ந்து, கயிறு இழுபடுவதற்குள் பத்து அடிக்கு மேல் விழுந்திருப்பான். நாம் பால்கனியிலிருந்து பார்த்து "பெல்ட் போட்டிருக்கான், பரவாயில்ல" என்கிறோம். பெல்ட் எங்கே மாட்டியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

அந்த வகுப்பில் 22 பேர். முதல் இரண்டு வாரத்தில் மூன்று பேர் உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக் கொத்து வேலைப் பயிற்சிக்கு மாறிக்கொண்டார்கள். யாரும் அவர்களைக் கேலி செய்யவில்லை. தம்பி என்னிடம் சொன்னது நினைவிருக்கிறது: "பயம் போகக் கூடாதாம் சார். பயம் போயிடுச்சுன்னு சொல்றவனைத்தான் மேல ஏத்த மாட்டாங்களாம்."

வங்கிக்காரனாக என்னைக் கவர்ந்த விஷயம் இன்னொன்று உண்டு. ஒரு வவுச்சரை நான் எழுதினால் நானே பாஸ் பண்ண முடியாது. இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முறையான சாரத்திலும் அதுதான். கட்டி முடித்ததும், தகுதியுள்ள ஒருவர் அடி முதல் நுனி வரை பார்த்து, ஏணி ஏறும் இடத்தில் ஒரு அட்டை மாட்டுவார். பச்சை அட்டை இருந்தால் ஏறலாம். சிவப்பு என்றால் ஏறக் கூடாது. அட்டையில் தேதியும் கையெழுத்தும் இருக்கும். வாரம் ஒரு முறை மறுபடி பார்க்க வேண்டும். பெருமழையோ பலத்த காற்றோ அடித்தால், யாராவது ஒரு குழாயைக் கழற்றியிருந்தால், ஏழு நாள் ஆகாவிட்டாலும் உடனே பார்க்க வேண்டும். பெயிண்டருக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஒரு பிரேஸைக் கழற்றும் அதிகாரம் பெயிண்டருக்குக் கிடையாது. சாரக்காரரைத்தான் கூப்பிட வேண்டும்.

பிரிப்பதற்கும் தனிப் பாடம். கட்டியதற்குத் தலைகீழ் வரிசையில் மேலிருந்து பிரிக்க வேண்டும். பிடிமானத்தை முதலில் கழற்றிவிட்டு மற்றதைப் பிரிக்கக் கூடாது. குழாயைக் கயிற்றில் கட்டி இறக்க வேண்டும், தூக்கிப் போடக் கூடாது. வேலை முடிந்த அவசரத்தில்தான் இதையெல்லாம் மறப்பார்கள் என்று பயிற்சியாளர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மூன்று மாதம் முடிந்து பரீட்சை. எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு. தேறினால் சாரக்காரர் ஆகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் இதற்கான அட்டை முறையைப் பற்றிப் படித்தேன். முதலில் இரண்டு வார வகுப்பு. பிறகு குறைந்தது ஆறு மாதம் வேலை அனுபவம். மறுபடி இரண்டு வார வகுப்பு, மறுபடி ஆறு மாதம். அதன் பிறகுதான் திறன் தேர்வு, சாரக்காரர் அட்டை. மேல்நிலைச் சாரக்காரர் ஆக அதற்கும் மேல் படிப்பு. அட்டைக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள், புதுப்பிக்க வேண்டும். நம் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்க்கும் சிங்கப்பூரிலும் சாரத்துக்கென்றே 2011இல் தனி விதிமுறை போட்டிருக்கிறார்கள். அங்கே பயிற்சி பெறாதவன் சாரத்தில் ஸ்பேனர் பிடிக்க முடியாது.

தம்பி இப்போது ஒரு பெரிய கட்டுமான இடத்தில் உதவிச் சாரக்காரர். முதல் ஆறு மாதம் சாமான் எடுத்துக் கொடுப்பதும் மேலிருப்பவர் கட்டுவதைப் பார்ப்பதும்தான். போன மாதம்தான் முதன்முறையாக ஒரு அடுக்கு முழுவதையும் அவர் கையால் கட்டவிட்டார்களாம். போனில் சொன்னார். பிறகு பெரியவர் வந்து எல்லா கிளாம்பையும் மறுபடி சோதித்தாராம். "கோபம் வந்துச்சா?" என்று கேட்டேன். "இல்ல சார், நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

அம்மாவைப் பற்றிச் சொல்லவில்லையே. மூன்றாவது சனிக்கிழமை அவர் பயிற்சியாளரிடமே நேராகக் கேட்டுவிட்டார். "இவன் விழ மாட்டான்னு எழுதிக் கொடுப்பீங்களா?" பயிற்சியாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்படி யாரும் எழுதிக் கொடுக்க முடியாதும்மா. எப்படியெல்லாம் விழுவாங்கன்னு இவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன். கொக்கியை எங்க மாட்டணும்னு சொல்லிக் கொடுத்திருக்கேன். சாரம் சரியில்லேன்னா ஏற மாட்டேன்னு சொல்லவும் சொல்லிக் கொடுத்திருக்கேன். மூணாவதுதான் கஷ்டம்" என்றார். அம்மா முழு மனதோடு சம்மதித்தார் என்று சொல்ல மாட்டேன். போக விட்டார், அவ்வளவுதான். இன்றைக்கும் தினம் சாயங்காலம் மகன் போன் பண்ணியாக வேண்டும்.

அந்த மூன்றாவது விஷயத்தைப் பற்றித்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். "ஏற மாட்டேன்" என்று ஒரு கூலித் தொழிலாளி சொல்ல வேண்டுமானால், அப்படிச் சொன்னால் வேலை போகாது என்ற நிலை இருக்க வேண்டும். அந்த நிலையை யார் உண்டாக்குவது? கான்ட்ராக்டரா? அவருக்கு நாம் கொடுக்கும் தொகையில்தான் எல்லாம். கடைசியில் அது நம் கொட்டேஷனில் ஒரு வரி. அந்த வரி இருந்தால் அவர் சொல்லலாம். அடித்துவிட்டால் சொல்ல முடியாது.

இன்று ஆறாவது தீர்மானம் பி, சி, டி பிளாக்குகளுக்கு வெளிப்புற வண்ணம். வந்திருக்கும் கொட்டேஷனில் சாரத்துக்கு 3,84,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு 4,000 ரூபாய். அதை அடிக்கலாம் என்று வாட்ஸப்பில் சிலர் எழுதியதைப் படித்தேன். எழுதியவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பேனா முன்பு என் கையில் இருந்தது.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்த வரியை அப்படியே வைத்துக்கொள்வோம். சாரம் கட்டுபவர்கள் யார், அவர்களில் பயிற்சிச் சான்றிதழ் உள்ளவர் யார் என்று கான்ட்ராக்டரிடம் எழுத்தில் கேட்போம். அட்டை மாட்டாத சாரத்தில் யாரும் ஏறக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் சேர்ப்போம். வேலையாட்களுக்கு இன்ஷூரன்ஸும் நல வாரியப் பதிவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுப்போம். பருவமழைக்கு முன் வேலையை முடிக்க வேண்டும் என்று அவசரப்படுத்தாமல், மழை வந்தால் நிறுத்தி, மறுபடி சோதித்த பிறகு தொடரலாம் என்றும் எழுதிக்கொள்வோம்.

போன தீபாவளி விடுமுறையில் தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தார். காபி குடித்துவிட்டு, "ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன் சார்" என்று சி பிளாக்கைச் சுற்றி நடந்தார். திரும்பி வந்து ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். எங்கெங்கே சேம்பர் மூடி இருக்கிறது, எங்கே மண் தளர்ந்திருக்கிறது, டிரான்ஸ்பார்மர் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று குறித்திருக்கிறார். நான் காசு கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. அந்தத் தாள் செயலாளரிடம் இருக்கிறது. வேலை ஆரம்பிக்கும் நாளில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நானே கீழே நிற்பேன். மேலே ஏற மாட்டேன், பயப்படாதீர்கள்.



(உரைக்குப் பிறகு நடந்த விவாதத்தின் முடிவில், சாரத்துக்கான தொகையைக் குறைக்காமலும், உரையில் சொன்ன நிபந்தனைகளைச் சேர்த்தும் ஆறாவது தீர்மானம் நிறைவேறியது.)